ஒரே ஒரு செடியிலிருந்து ஒரு இனத்தை மீட்க முடியுமா?

1917-ல் லேடீஸ் ஸ்லிப்பர் ஆர்க்கிட் என்ற காட்டுப் பூச்செடி இங்கிலாந்தில் அழிந்துவிட்டது என்று அறிவித்தார்கள். அப்புறம் 1930-ல் யார்க்‌ஷையர் டேல்ஸ் பகுதியில், ஆள் அதிகம் போகாத ஒரு சரிவில், அதே இனத்தின் செடி ஒன்று உயிரோடு இருப்பது தெரியவந்தது. அந்த நாட்டில் இயற்கையாக எஞ்சியது என்று உறுதியாகச் சொல்லக்கூடிய செடி அது ஒன்றுதான், பல பத்தாண்டுகளுக்கு அது ஒன்றுதான். இன்றைக்கு வட இங்கிலாந்தின் சுண்ணாம்புப் பாறை நிலங்களில் பல இடங்களில் இந்த ஆர்க்கிட் மறுபடி நிற்கிறது, பூக்கிறது. செய்தித்தாள்களில் இது அவ்வப்போது மகிழ்ச்சியான கதையாக வரும், நாமும் படித்துவிட்டு நல்லது என்று நகர்ந்துவிடுவோம். எனக்கு அந்தக் கதையில் எப்போதும் உறுத்துவது எண்ணிக்கைதான். எத்தனை செடி நட்டார்கள், எத்தனை பிழைத்தன என்று சொல்கிறார்கள். அவை எத்தனை வெவ்வேறு பெற்றோரிலிருந்து வந்தவை என்று யாரும் கேட்பதில்லை. ஒரு இனம் பிழைக்குமா என்பதை முடிவு செய்வதில் முதல் கேள்விக்கு இருக்கும் பங்கைவிட இரண்டாவது கேள்விக்குப் பங்கு அதிகம் என்று நான் நினைக்கிறேன். இந்தப் பதிவு முழுக்க அதைப் பற்றித்தான்.

நான் பிறந்து வளர்ந்தது அம்பாசமுத்திரம் பக்கம், இப்போது இருப்பது லங்காஷையரில். தாவரவியல் என் தொழில் இல்லை. காட்டு ஆர்க்கிட்டுகள் மீது பல வருடமாக ஒரு பைத்தியம், அவ்வளவுதான். அதனால் இந்தச் செடியைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்திருக்கிறேன், அது பூக்கும் இடத்துக்கும் போய்ப் பார்த்திருக்கிறேன்.

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். முழங்கால் உயரம்கூட வராத செடி. அகலமான, நரம்போடிய பச்சை இலைகள். மே கடைசியில் தண்டின் உச்சியில் ஒரு பூ, சில நேரம் இரண்டு. பூவின் உதடு மட்டும் உப்பி, பளபளக்கும் மஞ்சள் பையாகத் தொங்கும். அதைச் சுற்றி கருஞ்சிவப்பில் முறுக்கிய நீண்ட இதழ்கள். குளிர்நாட்டுக் காட்டில், புல்லும் சின்னச் சின்ன வெள்ளைப் பூக்களுமாக இருக்கும் இடத்தில் இது நின்றால் அந்த மண்ணுக்குச் சம்பந்தமில்லாத ஏதோ ஒன்று வந்து நிற்பது போலத்தான் தோன்றும். தாவரவியல் பெயர் சிப்ரிபீடியம் கால்சியோலஸ். மேற்கு ஐரோப்பாவிலிருந்து கிழக்கு ஆசியா வரை பரவியிருக்கிறது. எஸ்டோனியாவில் இன்னும் நிறைய இடங்களில் உண்டு. டென்மார்க்கில் ஜட்லாந்தின் வடபகுதியில் மட்டும் எஞ்சியிருக்கிறது. இங்கிலாந்து அதன் பரப்பின் மேற்கு விளிம்பு. விளிம்பில் இருக்கும் கூட்டம் எப்போதுமே சின்னது, அதனால்தான் முதலில் விழுந்தது.

விழுந்தது என்றுகூடச் சொல்லக்கூடாது, பறித்தார்கள். 1629-ல் லண்டன் மருந்துக் கடைக்காரரும் தோட்டக்கலை நிபுணருமான ஜான் பார்க்கின்சன், இந்தச் செடி இங்கிள்பரோ மலைக்கு அருகில் ஹெல்க்ஸ் என்ற காட்டில் வளர்வதாக எழுதினார். இங்கிலாந்தில் இந்தச் செடி எழுத்தில் பதிவானதே அப்போதுதான். அதே பதிவில் இன்னொன்றும் இருக்கிறது. ஹார்ன்பி கோட்டைக்குப் பக்கத்தில் வசித்த தாமசின் டன்ஸ்டால் என்ற சீமாட்டி அதன் வேர்களைத் தோண்டி லண்டனுக்கு அனுப்பினார், அவை பார்க்கின்சனின் தோட்டத்தில் பூத்தன. அதாவது இந்தச் செடியைப் பற்றிய முதல் செய்தியிலேயே தோண்டி எடுப்பதும் சேர்ந்தே வருகிறது. அடுத்த இருநூற்றுச் சொச்சம் வருடமும் இதுதான் நடந்தது. யார்க்‌ஷையரின் செட்டில் ஊர்ச் சந்தையில் இதன் பூக்களைக் கட்டுக்கட்டாக விற்றிருக்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆர்க்கிட் சேகரிப்பு பணக்காரர்களின் வெறியாகிவிட்டது, வியாபாரிகள் செடியையே தோண்டினார்கள், தாவரவியலாளர்களும் தங்கள் பங்குக்குக் காகிதத்தில் அழுத்தி உலர்த்தி வைக்க எடுத்துப் போனார்கள். காடு சுருங்கியது, ஆடு மேய்ந்தது, எல்லாம் சேர்ந்து கொண்டது.

இந்த அழிவில் போனது எண்ணிக்கை மட்டும் இல்லை. டர்ஹாம், டெர்பிஷையர், கம்பிரியா, யார்க்‌ஷையர் என்று வெவ்வேறு பள்ளத்தாக்குகளில் இருந்த கூட்டங்கள் ஒன்றுக்கொன்று தூரத்தில், ஆயிரக்கணக்கான வருடமாகத் தனித்தனியாக வாழ்ந்தவை. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் வேறுபட்ட மரபணுச் சேர்க்கைகள் இருந்திருக்கும். ஒரு பள்ளத்தாக்கிலுள்ள கடைசிச் செடியைத் தோண்டியபோது அந்தப் பள்ளத்தாக்கின் சேர்க்கையும் அதோடு போனது. 1930-ல் மிஞ்சியது ஏதோ ஒரு பள்ளத்தாக்கின், ஏதோ ஒரு செடியிடம் தற்செயலாக இருந்தது மட்டும். அந்தச் செடி தேர்ந்தெடுக்கப்பட்டதும் இல்லை, சிறந்ததும் இல்லை, யார் கண்ணிலும் படாத இடத்தில் நின்றதால் தப்பித்தது.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இந்த ஆர்க்கிட் மண்ணுக்குள் படுக்கையாக ஓடும் தண்டிலிருந்து வருடாவருடம் புதுத் தண்டுகளை விடும். ஒரு இடத்தில் இருபது தண்டு நின்றால் இருபது செடி என்று எண்ணத் தோன்றும். நம்மூர் வாழைத் தோப்பை யோசித்துப் பாருங்கள். ஒரு கிழங்கிலிருந்து பிரித்த பக்கக் கன்றுகள் ஒரு ஏக்கர் முழுக்க நின்றாலும் மரபணுக் கணக்கில் அவை எல்லாம் ஒரே வாழை, ஒன்றுக்கு வாடல் நோய் வந்தால் எல்லாவற்றுக்கும் வரும். டேல்ஸில் மிஞ்சிய செடியும் அப்படித்தான். அதிலிருந்து எத்தனை தண்டு வந்தாலும் அது ஒரே உயிர்தான். இந்த இனத்தின் ஒரு செடி நூறு வருடத்துக்கு மேலும் வாழக்கூடியது என்பது மட்டும்தான் நமக்குக் கிடைத்த அவகாசம்.

சரி, அந்த ஒரு செடியின் பூவில் அதே செடியின் மகரந்தத்தை வைத்தால் விதை வருமா? வரும். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. ஒவ்வொரு செடியிலும் ஒவ்வொரு மரபணுவுக்கும் இரண்டு பிரதிகள், ஒன்று தாயிடமிருந்து, ஒன்று தந்தையிடமிருந்து. அந்த இரண்டும் வெவ்வேறாக இருக்கும் இடங்களில்தான் செடிக்கு ஒரு காப்பு இருக்கிறது. ஒன்று பழுதாக இருந்தால் மற்றது ஈடு செய்யும். தன்னோடு தானே சேர்ந்து பிறக்கும் பிள்ளைகளில், சராசரியாக, இந்த வேறுபாட்டில் பாதி போய்விடும். பேரப்பிள்ளைகளில் மீதியில் பாதி. மறைந்து கிடந்த பழுதுகள் இரண்டு பிரதியிலும் சேர்ந்து வர ஆரம்பிக்கும், முளைக்காத விதை, நோஞ்சான் நாற்று, பூக்காத செடி என்று அது வெளியே தெரியும். விவசாயிகளுக்கும் கால்நடை வளர்ப்பவர்களுக்கும் இது புதுச் செய்தி இல்லை.

இந்தப் பூவின் அமைப்பைப் பார்த்தாலே அது தன் மகரந்தத்தைத் தவிர்க்கப் படாதபாடு படுவது புரியும். பூவில் தேன் கிடையாது. நிறத்தையும் வாசனையையும் நம்பி ஒரு சின்னக் காட்டுத்தேனீ, பெரும்பாலும் ஆண்ட்ரீனா வகை, மஞ்சள் பைக்குள் இறங்குகிறது. உள்சுவர் வழுவழுப்பாக இருப்பதால் வந்த வழியே ஏற முடியாது. பையின் பின்பக்கத்தில் மயிர்கள் வரிசையாக நிற்கும் ஒரு பாதை மட்டும் உண்டு. அதில் ஏறினால் முதலில் சூலகமுடிக்கு, அதாவது மகரந்தத்தை ஏற்கும் முனைக்கு, அடியில் நெருக்கிக்கொண்டு போக வேண்டும், அதைத் தாண்டிய பிறகுதான் மகரந்தப்பை, அப்புறம் வெளியே போகும் ஓட்டை. வரிசையைக் கவனியுங்கள். முந்தைய பூவிலிருந்து முதுகில் ஒட்டிக்கொண்டு வந்த மகரந்தம் இந்தப் பூவின் சூலகமுடியில் முதலில் தேய்கிறது, இந்தப் பூவின் மகரந்தம் கிளம்பும்போதுதான் ஒட்டுகிறது. உடலின் பருமன் பாதைக்குச் சரியாக இருக்கும் தேனீதான் இந்த வேலைக்கு ஆகும். பெரிய வண்டு உள்ளேயே மாட்டிக்கொள்ளும், சின்னப் பூச்சி எதையும் தொடாமல் போய்விடும். இவ்வளவும் எதற்கு? வேறு ஒரு செடியின் மகரந்தம் கிடைப்பதற்காக. நாட்டிலேயே வேறு செடி இல்லாதபோது இந்த ஏற்பாடு முழுவதும் வீணாகிவிடுகிறது, பூ வருடாவருடம் பூத்து வாடிப் போகிறது.

1930-க்குப் பிறகு பல வருடம் காவல் என்றால் ரகசியம்தான். இடத்தை அறிந்தவர்கள் ஒரு கைவிரல்களில் அடங்குவார்கள், யாரும் வாய் திறக்கவில்லை. 1970-ல் இதற்கென்று ஒரு குழு அமைந்தது, பூக்கும் காலத்தில் செடிக்குப் பக்கத்தில் ஆள் தங்கிக் காவல் காக்கத் தொடங்கினார்கள், கையால் மகரந்தம் சேர்க்கவும் தொடங்கினார்கள். 1975-லும் பின்னர் 1981-லும் வந்த சட்டங்கள் பறிப்பதைக் குற்றமாக்கின. அந்த மனிதர்கள் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. மழையிலும் குளிரிலும் ஒரு கூடாரத்தில் உட்கார்ந்து, ஊருக்குச் சொல்ல முடியாத ஒரு வேலையைச் செய்தவர்கள். ஆனால் ரகசியத்தால் ஒரு செடியின் உயிரைத்தான் நீட்டிக்க முடியும். இரண்டாவது பெற்றோரை அதனால் தர முடியாது.

விதை கிடைத்தாலும் முளைக்க வைப்பது பெரும்பாடு. ஆர்க்கிட் விதை கண்ணுக்குத் தூசியாகத் தெரியும், ஒரு காயில் ஆயிரக்கணக்கில் இருக்கும். நெல்லிலும் தேங்காயிலும் முளைக்குத் தேவையான உணவு விதைக்குள்ளேயே இருக்கிறதல்லவா, ஆர்க்கிட் விதையில் அது கிடையாது. மண்ணில் இருக்கும் குறிப்பிட்ட பூஞ்சை ஒன்று விதைக்குள் நுழைந்து அதற்கு உணவூட்ட வேண்டும். மண்ணுக்கு அடியில் சில வருடம் அப்படிக் கிடந்த பிறகுதான் முதல் இலை வெளியே வரும். அதிலிருந்து பூ வர இன்னும் பல வருடம். லண்டனின் கியூ தாவரவியல் பூங்காவில் 1983-ல் சைன்ஸ்பரி பெயரிலான ஆர்க்கிட் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியபோது, பூஞ்சை இல்லாமல் ஆய்வுக்கூடக் குடுவையில் இதை முளைக்க வைப்பதுதான் சவாலாக இருந்தது. முற்றிய விதையின் உறை தண்ணீரை விடாது, உள்ளேயே முளைப்பதைத் தடுக்கும் பொருட்களும் சேர்ந்துவிடும். வழி கிடைத்தது ஸ்வீடனிலிருந்து. ஸ்வாந்தே மால்ம்கிரென் என்பவர் காய் முற்றுவதற்கு முன்பே, பச்சையாக இருக்கும்போதே அறுத்து, அமினோ அமிலங்கள் சேர்த்த சத்துக் கூழில் விதைக்கும் முறையைப் பிரபலப்படுத்தியிருந்தார். அதைப் பின்பற்றியதும் நாற்றுகள் வந்தன. அவற்றை மாதக்கணக்கில் குளிரில் வைத்து எடுத்தால்தான் அடுத்த இலை விடும், இயற்கையில் பனிக்காலம் செய்யும் வேலை அது. 1989-ல் முதல் நாற்றுகளைக் காட்டில் நட்டார்கள். அப்படி நட்டதில் முதல் பூ பூத்தது 2000-ல். பதினொரு வருடம்!

எல்லோரும் கொண்டாடுவது இந்தக் குடுவை வேலையைத்தான். கொண்டாட வேண்டியதும்தான். ஆனால் என்னைப் பொறுத்தவரை இந்தத் திட்டத்தின் மிக முக்கியமான முடிவு குடுவைக்கு வெளியே எடுக்கப்பட்டது. அந்த ஒற்றைச் செடிக்கு அதன் மகரந்தத்தையே வைத்து ஆயிரம் நாற்று எடுத்துவிடலாம் என்று அவர்கள் அதோடு நின்றுவிடவில்லை. வட இங்கிலாந்தின் பழைய தோட்டங்களில், எப்போதோ யாரோ காட்டிலிருந்து தோண்டிக் கொண்டுவந்து நட்ட செடிகள் அங்கங்கே தலைமுறை தலைமுறையாக உயிரோடு இருந்தன. காட்டில் அழிந்துபோன கூட்டங்களின் வாரிசுகள். அவற்றில் உள்நாட்டுப் பூர்வீகம் நம்பகமாகத் தெரிந்தவற்றைத் தேடிப்பிடித்து, காட்டுச் செடியோடு சேர்த்து விதை எடுத்தார்கள். தோண்டியவர்களின் தோட்டத்தில்தான் மிச்ச மரபணுக்கள் இருந்தன என்பதை ஏற்றுக்கொள்ளக் கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் அந்தச் செடிகளைப் பார்த்துப் பார்த்து வளர்த்து அடுத்த தலைமுறைக்குக் கொடுத்த வீட்டுக்காரர்கள், பெயர் தெரியாத அந்தத் தோட்டக்காரர்கள், இந்த இனத்துக்குச் செய்தது சின்ன உதவி இல்லை.

ஆனால் தோட்டத்தில் இருக்கும் செடி உண்மையிலேயே யார்க்‌ஷையர் காட்டிலிருந்து வந்ததா, இல்லை ஆல்ப்ஸ் மலையிலிருந்து நர்சரி வழியாக வந்ததா என்று எப்படித் தெரியும்? வீட்டுக்காரர்கள் சொல்லும் கதை ஒன்றுதான் சாட்சி. இங்கேதான் டிஎன்ஏ வருகிறது. அதிலும் இந்தச் செடி ஒத்துழைக்கவில்லை. இதன் செல் உட்கருவில் இருக்கும் டிஎன்ஏ மனிதனுடையதைவிட ஏறக்குறைய பத்து மடங்கு பெரியது, அதில் பெரும்பகுதி திரும்பத் திரும்ப வரும் வரிசைகள். வழக்கமான அடையாளக் குறிகளை அதில் தேடுவது மிகவும் சிரமம். அதனால் கியூவில் மைக்கேல் ஃபேயும் அவருடன் வேலை செய்தவர்களும் பசுங்கணிகத்தில், அதாவது இலைக்குப் பச்சை நிறம் தரும் செல் உறுப்பில், இருக்கும் சிறிய டிஎன்ஏவை எடுத்துக்கொண்டார்கள். அதில் சில இடங்களில் டிஎன்ஏ வரிசையின் நீளம் செடிக்குச் செடி கூடக்குறைய இருக்கும். அந்த நீள வேறுபாடுகளை வைத்து ஐரோப்பியச் செடிகளை, குறிப்பாக இங்கிலாந்து, டென்மார்க், ஸ்வீடன் செடிகளை, ஒப்பிட்டு 2009-ல் ஆய்வை வெளியிட்டார்கள். மொத்தம் 23 வகைகள் கிடைத்தன. சில வகைகள் ஐரோப்பா முழுக்கப் பரவியிருந்தன, பல வகைகள் ஒன்றிரண்டு செடிகளில் மட்டும். வேறுபாட்டில் பெரும்பகுதி ஒரு கூட்டத்துக்கும் இன்னொரு கூட்டத்துக்கும் இடையில் இல்லை, ஒவ்வொரு கூட்டத்துக்கு உள்ளேயே இருந்தது.

அந்தக் கடைசி வரியை நான் பலமுறை திரும்பப் படித்தேன். ஒவ்வொரு கூட்டத்துக்குள்ளும் இவ்வளவு வேறுபாடு இயல்பாக இருக்க வேண்டும் என்றால், ஒரு செடி மட்டும் மிஞ்சிய கூட்டம் எவ்வளவை இழந்திருக்கும்? இன்னொரு பக்கம், கூட்டங்களுக்கு இடையில் வேறுபாடு குறைவு என்றால், வெளியிலிருந்து மகரந்தம் கொண்டுவந்தால் ஒன்றும் கெட்டுவிடாது என்றும் அதை வாசிக்கலாம். இரண்டாவது வாசிப்பில் எச்சரிக்கை வேண்டும். பசுங்கணிக டிஎன்ஏ தாய் வழியாக மட்டும் வருவது. எந்தச் செடி எந்த வம்சம் என்று அது சொல்லும். குளிரைத் தாங்கும் திறன், சுண்ணாம்பு மண்ணில் வேர் பிடிக்கும் திறன், உள்ளூர்த் தேனீக்கள் பறக்கும் வாரத்தில் சரியாகப் பூக்கும் திறன் இதெல்லாம் உட்கரு டிஎன்ஏவில் இருக்கிறது, அதைப் பற்றி இந்த அளவீடு எதுவும் சொல்லாது.

அப்படியென்றால் ஸ்காண்டிநேவியச் செடிகளின் மகரந்தத்தை இங்கிலாந்துக்குக் கொண்டுவரலாமா கூடாதா? பாதுகாவலர்களிடையே இது எளிதில் முடியாத வாதம். கூடாது என்பவர்களின் பயம் நியாயமானது. தொலைதூரக் கூட்டங்கள் கலந்தால் உள்ளூருக்குப் பொருந்திப்போன மரபணுச் சேர்க்கை கலைந்துபோகலாம், ஒருமுறை கலந்துவிட்டால் பிரிக்க முடியாது. என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். உள்நாட்டுத் தோட்டச் செடிகள் இருக்கும் வரை அவற்றைத்தான் முழுமையாகப் பயன்படுத்த வேண்டும், கியூ செய்தது சரியான வரிசை. ஆனால் அந்தச் செடிகளும் கைவிரல் எண்ணிக்கைதான் என்பதால், நட்ட கூட்டங்கள் இரண்டு மூன்று தலைமுறையில் தாமாக விதை போட்டுப் பெருகவில்லை என்றால், ஒன்றிரண்டு இடங்களிலாவது, மற்ற இடங்களிலிருந்து தள்ளி, வெளி மகரந்தத்தைச் சோதித்துப் பார்க்க வேண்டும். தூய்மை என்ற பெயரில் ஒரு கூட்டத்தை அதன் சொந்த நெருங்கிய உறவுக்குள்ளேயே அடைத்து வைப்பது மெதுவாகக் கொல்வதுதான். டேல்ஸ் செடியும் ஒரு காலத்தில், பனியுகம் முடிந்து பனி விலகிய நிலத்தில், தெற்கிலிருந்து வந்த விதையின் சந்ததிதானே.

லங்காஷையரில் சில்வர்டேல் பக்கத்தில் கேட் பாரோஸ் என்ற தேசிய இயற்கைக் காப்பகம் இருக்கிறது. வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை தரையாகவே விரிந்து கிடக்கும், பிளவுகளில் பெரணியும் குட்டையான மரங்களும். இங்கே நட்ட செடிகளைப் பொதுமக்கள் பார்க்கலாம். நான் போனபோது பூக்கள் நன்றாகத் திறந்திருந்தன. அங்கே நின்றிருந்த வயதான தன்னார்வலர் ஒருவரிடம் எத்தனை செடி பிழைத்தது என்றுதான் நானும் முதலில் கேட்டேன். அவர் அதற்குப் பதில் சொல்லாமல் கீழே தெற்குப் பார்த்த ஒரு வெற்று மண்சரிவைக் காட்டினார். தேனீக்கள் அங்கேதான் வளை தோண்டுகின்றன, அந்தச் சரிவைப் புதர் மூடிவிட்டால் இந்தப் பூக்கள் எவ்வளவு பூத்தாலும் பயனில்லை என்றார். ஆண்ட்ரீனா தேனீக்கள் கூட்டில் வாழ்பவை இல்லை, ஒவ்வொரு பெண் தேனீயும் வெயில் படும் தளர்ந்த மண்ணில் தனியாக வளை தோண்டி முட்டையிடும். செடிக்குத் தேவையோ அரை நிழல். அப்புறம் நத்தை. இளம் குருத்தை நத்தைகள் ஒரே இரவில் தின்றுவிடும். முதல் நடவுகளில் பெரும்பகுதி போனதற்கு நத்தைகளும் ஒரு காரணம். அதனால் கொஞ்சம் வளர்ந்த செடிகளையே நட வேண்டியிருக்கிறது. கொஞ்சம் வளர்ப்பதற்குப் பல வருடம் ஆகும், அதுவரை ஆளும் பணமும் வேண்டும்.

அவர் சொன்னதை மரபணுக் கணக்கோடு சேர்த்து யோசித்தால் ஒன்று விளங்குகிறது. நாம் என்னதான் நல்ல பெற்றோரைத் தேர்ந்து கலந்து நட்டாலும், அந்தக் கலப்பை அடுத்த தலைமுறைக்கு எடுத்துப் போவது அந்தச் சின்னத் தேனீதான். அது ஒரு செடியிலிருந்து அதே செடியின் அடுத்த தண்டுக்குப் போனால் பழைய கதை. வெவ்வேறு பெற்றோரின் பிள்ளைகளை அது பறக்கும் தூரத்துக்குள் அருகருகே நட்டிருந்தால்தான் கலப்பு தொடரும். எந்தச் செடியை எதற்குப் பக்கத்தில் நடுவது என்பதும் பாதுகாப்பு வேலைதான்.

சில்வர்டேலிலேயே பழைய செடி ஒன்று தனியாக இருக்கிறது. அது இயற்கையாக வந்ததா யாராவது நட்டதா என்று நெடுங்காலமாகப் பேச்சு உண்டு. 2004-ல் யாரோ அதைத் தோண்டித் திருடப் பார்த்துப் பெரிய சேதம் செய்தார்கள். பின்னர் பூக்கும் காலத்தில் அதற்குப் போலீஸ் ரோந்துகூடப் போட வேண்டியதாயிற்று. இதே இனத்தை இன்றைக்கு நர்சரியில் முறையாக வளர்த்ததைக் காசு கொடுத்து வாங்க முடியும் என்ற பிறகும் காட்டுச் செடியைத் தோண்டுகிறவரை எனக்குப் புரிந்துகொள்ளவே முடியவில்லை.

அண்மையில் வந்த ஒரு செய்தி உண்மையிலேயே மகிழ வைத்தது. யார்க்‌ஷையரில் நட்ட செடிகளின் அருகில் யாரும் விதைக்காத, தானாக முளைத்த நாற்று ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். அதற்குத் தேனீ வந்திருக்க வேண்டும், காய் பழுத்திருக்க வேண்டும், மண்ணில் சரியான பூஞ்சை இருந்திருக்க வேண்டும், நத்தை தவறவிட்டிருக்க வேண்டும். இத்தனையும் ஒரே இடத்தில் கூடியிருக்கிறது. குடுவையில் வந்த ஆயிரத்தைவிட எனக்கு இந்த ஒன்று பெரியது.

இவ்வளவும் எழுதும்போது என் மனம் அகத்தியமலையில்தான் இருந்தது. அங்கே இதே ஸ்லிப்பர் ஆர்க்கிட் குடும்பத்தின் இன்னொரு இனம் இருக்கிறது, பாஃபியோபெடிலம் ட்ரூரியை. 1865-ல் கர்னல் ஹீபர் ட்ரூரி கண்டெடுத்தது. பொன்மஞ்சள் பூ, இதழ்களின் நடுவே கருஞ்சிவப்பில் ஒரு கோடு. தென்னிந்தியாவில் இயற்கையாக வளரும் ஸ்லிப்பர் ஆர்க்கிட் இது ஒன்றுதான், உலகில் வேறெங்கும் கிடையாது. பல காலம் யார் கண்ணிலும் படாமல் இருந்து, 1970-களில் மீண்டும் கிடைத்தது, கிடைத்த செய்தி பரவியதும் சேகரிப்பவர்கள் மூட்டை மூட்டையாக எடுத்துப் போனார்கள். புல்வெளித் தீயும் சேர்ந்துகொண்டது. இன்றைக்கு மிக அருகிப்போன இனங்களின் பட்டியலில் இருக்கிறது. பாஃபியோபெடிலம் பேரினத்துச் செடிகள் எல்லாவற்றையும் காட்டிலிருந்து எடுத்துப் பன்னாட்டு வணிகம் செய்வதற்குத் தடை உண்டு. திருவனந்தபுரம் அருகே பாலோட்டில் இருக்கும் வெப்பமண்டலத் தாவரவியல் பூங்காவில் இதைத் திசு வளர்ப்பில் பெருக்கி மலையில் திரும்ப நட்டிருக்கிறார்கள். அருமையான வேலை. அதோடு நான் கேட்க விரும்புவது இங்கிலாந்துச் செடிக்குக் கேட்ட அதே கேள்வியைத்தான். நாற்றுகள் எத்தனை தாய்களிலிருந்து வந்தவை? மலையின் வெவ்வேறு முகடுகளிலிருந்து எடுத்தவையா? வெளிநாட்டுத் தோட்டங்களில், அந்த 70-களில் போன செடிகளின் வாரிசுகள் இன்னும் வளர்கின்றன. அவை காட்டில் தொலைந்துபோன வகைகளாக இருக்க வாய்ப்பு உண்டு. அவற்றின் டிஎன்ஏவைக் காட்டில் மிஞ்சியதோடு ஒப்பிட்டுப் பார்த்து, இல்லாத வகைகள் அங்கே இருந்தால் மகரந்தமாகவோ விதையாகவோ முறைப்படி திரும்பக் கேட்க வேண்டும். இங்கிலாந்துக்குப் பழைய தோட்டங்கள் செய்ததை நமக்கு அந்தத் தோட்டங்கள் செய்யலாம்.

இங்கிலாந்தில் இருப்பவர்கள் பூவைப் பார்க்க விரும்பினால் மே மாதக் கடைசி வாரத்திலிருந்து ஜூன் முதல் வாரத்துக்குள் கேட் பாரோஸ் போங்கள், யார்க்‌ஷையர் பக்கம் இருப்பவர்களுக்குக் கில்ன்சி பூங்காவிலும் பார்க்க முடியும். போகும் முன் அந்த வருடம் பூத்துவிட்டதா என்று காப்பகத்தின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பாதையை விட்டு இறங்காதீர்கள், செடியைச் சுற்றி நீங்கள் மிதிக்கும் மண்ணுக்குள் இன்னும் இலை விடாத நாற்று இருக்கலாம். காட்டில் வேறெங்காவது கண்டால் படம் எடுங்கள், இடத்தை மட்டும் பொதுவில் போடாதீர்கள், படத்தில் இருக்கும் இருப்பிடத் தகவலையும் நீக்கிவிடுங்கள். அம்பை, பாபநாசம் பக்கமிருந்து அகத்தியமலை ஏறுகிறவர்களுக்கும் இதையேதான் சொல்கிறேன்.